கடல் மாதிரியின் கட்டம் சிறுத்தால் காலநிலை எப்படி மாறுகிறது? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

காலநிலை மாதிரிக்குள் இருக்கும் கடல் கட்டம் கட்டமாகப் பிரித்த நீர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் உப்புத்தன்மை, ஒரு நீரோட்ட வேகம். கட்டத்தின் பக்கம் 1 டிகிரி என்றால் நிலநடுக்கோட்டில் சுமார் 111 கிலோமீட்டர். கால் டிகிரி என்றால் 28 கிலோமீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்கு டிகிரி என்றால் 9 கிலோமீட்டர். பிரின்ஸ்டனில் சியுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்து ஓட்டிய முதல் மாதிரியை 1969-இல் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கட்டம் சிறுத்துக்கொண்டே வருகிறது.

கட்டம் சிறுத்தால் அதே கடல் இன்னும் தெளிவாகத் தெரியும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் ஓர் எல்லையைத் தாண்டியதும், அதுவரை ஒரு சூத்திரத்தால் ஈடுகட்டிவந்த இயற்பியல், மாதிரிக்குள் தானாக நிகழத் தொடங்குகிறது. அதனால் கடலின் சராசரி வெப்பநிலையே மாறலாம், காற்றுக்கும் கடலுக்கும் உள்ள உறவு தலைகீழாகலாம், நூறாண்டு முன்கணிப்பும் வேறாகலாம். எந்த மாற்றம் பிரிதிறனால், அதாவது கட்டத்தின் நுணுக்கத்தால், வந்தது, எது வேறு காரணத்தால் வந்தது என்று பிரித்தறிவதுதான் கடினமான வேலை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். பைத்தானில் ஒரு வரைபடம் போடத் தெரிந்த முதுகலை மாணவருக்கு இது போதும்.

படி 1: எவ்வளவு சிறிய சுழலைப் பிடிக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள்

கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி பெரிய நீரோட்டங்களின் சராசரி ஓட்டத்தில் இல்லை. சில பத்து கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை அகலமுள்ள சுழல்களில் இருக்கிறது. அட்லாண்டிக்கில் 1970-களில் நடந்த சோவியத், அமெரிக்க ஆய்வுப் பயணங்கள் இதை நேரில் அளந்தன. 1992-இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள் உலகம் முழுக்கக் காட்டியது.

ஒரு சுழலின் இயல்பான அளவை முடிவுசெய்வது ராஸ்பி ஆரம். கடலின் உள்ளலை வேகத்தை (கடலுக்குள் அடர்த்தி அடுக்குகளில் ஓடும் அலையின் வேகம்) கொரியோலிஸ் எண்ணால் (புவிச் சுழற்சியின் விளைவை அந்தந்த அட்சரேகையில் அளக்கும் எண்) வகுத்தால் அது கிடைக்கும். மூன்று இடங்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. கொரியோலிஸ் எண் அங்கே நொடிக்கு 0.0000328. உள்ளலை வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் என்று வைத்தால் ஆரம் சுமார் 76 கிலோமீட்டர். அதே வேகத்துக்கு 38 டிகிரி வடக்கில், அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டம் ஓடும் இடத்தில், 28 கிலோமீட்டர். 60 டிகிரியில் உள்ளலை வேகமும் குறையும், நொடிக்கு 1.5 மீட்டர் என்று வைத்தால் ஆரம் 12 கிலோமீட்டர்தான்.

இனி கட்டத்தை அருகில் வையுங்கள். ராபர்ட் ஹால்பெர்க் 2013-இல் முன்வைத்த அளவுகோலின்படி ஓர் ஆரத்துக்குள் குறைந்தது இரண்டு கட்டமாவது அடங்க வேண்டும். நாலு புள்ளி வைத்துவிட்டுச் சிக்குக் கோலம் போட முடியாது, அதுபோலத்தான் இதுவும். கால் டிகிரிக் கட்டம் சென்னைக்கு நேரே 27 கிலோமீட்டர். 76-ஐ 27-ஆல் வகுத்தால் 2.8, தேறிவிடுகிறது. அதே கட்டம் 38 டிகிரியில் 22 கிலோமீட்டராகக் குறுகினாலும், 28-ஐ 22-ஆல் வகுத்தால் 1.3, தேறவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு அங்கே தாராளமாகத் தேறும், 60 டிகிரியில் ஒட்டி ஒட்டித் தேறும். ஆழம் குறைந்த கரையோரத் திட்டில் ஆரம் சில கிலோமீட்டர்தான் என்பதால் எந்த உலகளாவிய காலநிலை மாதிரியும் அங்கே திணறும்.

ஆகவே, 'இந்த மாதிரி சுழல்களைக் காட்டுகிறதா?' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்த அட்சரேகையில், எந்த ஆழத்தில் என்று சேர்த்துக் கேளுங்கள்.

படி 2: சூத்திரம் இயங்குகிறதா, அணைத்திருக்கிறதா என்று பாருங்கள்

1 டிகிரி மாதிரியில் சுழல் உருவாக வழியில்லை. ஆனால் சுழல்கள் செய்யும் வேலை நடந்தே ஆக வேண்டும். அவை சாய்ந்து நிற்கும் அடர்த்தி அடுக்குகளைத் தட்டையாக்குகின்றன, வெப்பத்தைக் குறுக்காகவும் மேல்நோக்கியும் கடத்துகின்றன. இந்த வேலையை ஈடுகட்ட பீட்டர் ஜென்ட், ஜேம்ஸ் மெக்வில்லியம்ஸ் இருவரும் 1990-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அது வந்த பிறகு 1 டிகிரி மாதிரிகள் பெரிதும் மேம்பட்டன. இன்றும் பெரும்பாலான பருமட்டான மாதிரிகளில் அது ஓடுகிறது.

சிக்கல் இடைப்பட்ட அளவில் இருக்கிறது. கால் டிகிரி மாதிரியில் சுழல்கள் பாதி உருவாகும், பாதி உருவாகாது. சூத்திரத்தை வைத்திருந்தால் உருவாகும் சுழல்களையும் அது மட்டுப்படுத்திவிடும். அணைத்துவிட்டால் மீதிப் பாதி வேலையைச் செய்ய ஆளில்லை. பல குழுக்கள் அணைத்துவிடுகின்றன. பிரிட்டனின் ஹேட்ஜெம்3-ஜிசி3.1 மாதிரியின் கால் டிகிரி வடிவத்தில் தென்பெருங்கடல் கூடுதல் வெப்பத்துடனும், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிக்காவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணை வழியாகச் செல்லும் ஓட்டம் வலுக்குறைந்தும் இருந்தது. 'பிரிதிறன் கூடியும் ஏன் மோசமாயிற்று?' என்று திகைக்க வேண்டாம். கால் டிகிரியை 1 டிகிரிக்கும் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் நடுவில் உள்ள ஒரு படிக்கட்டாகக் கருதுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. அது தனக்கென்று குணமுள்ள தனி மண்டலம்.

மாதிரியின் விளக்கக் கட்டுரையில் சுழல் சூத்திரம், பாகுநிலைக் கெழு (மாதிரி நீரின் உள் உராய்வைக் குறிக்கும் எண்), செங்குத்து அடுக்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தேடிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிடைக் கட்டத்தை மட்டும் சிறிதாக்கிவிட்டு அடுக்குகளை அப்படியே விட்டால் சுழலின் செங்குத்து வடிவம் சரியாக அமையாது. முதல் உள்ளலை வடிவத்துக்கே நன்கு அமைத்த 50 அடுக்குகளாவது வேண்டும் என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

படி 3: சரியான ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாட்டின் 1 டிகிரி மாதிரியையும் இன்னொரு நாட்டின் கால் டிகிரி மாதிரியையும் ஒப்பிட்டு, வேறுபாடெல்லாம் பிரிதிறனால் என்று எழுதுவது செல்லாது. மேகச் சூத்திரம் முதல் கடல் பனி வரை எல்லாமே அங்கே வேறு.

உலகக் காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் ஆறாவது மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்தின் ஒரு கிளையான ஹைரெஸ்மிப் இதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஒரே மாதிரியைக் குறைந்தது இரண்டு பிரிதிறன்களில் ஓட்ட வேண்டும், இடையில் மாதிரியின் கெழுக்களைக் கூடியவரை மாற்றிச் சரிசெய்யக் கூடாது என்பது அதன் நெறி. ஐரோப்பாவின் பிரிமாவெரா திட்டம் இதில் பெரும்பங்கு செய்தது. ஆனால் இதிலும் கவனம் தேவை. பெரும்பாலான குழுக்கள் கடலையும் வளிமண்டலத்தையும் சேர்த்தே நுணுக்கின. கடலின் விளைவு மட்டும் வேண்டுமென்றால் வளிமண்டலம் மாறாத ஜோடியைத் தேட வேண்டும்.

ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தின் ஐஎஃப்எஸ் மாதிரியில் எல்ஆர், எம்ஆர் என்ற இரு வடிவங்களுக்கும் வளிமண்டலம் ஒன்றே. கடல் மட்டும் 1 டிகிரியிலிருந்து கால் டிகிரிக்குப் போகிறது. ஹேட்ஜெம்3-இன் எச்எம், எச்எச் என்ற இரு வடிவங்களிலும் வளிமண்டலம் ஒன்றே. கடல் கால் டிகிரியிலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்குக்குப் போகிறது. முதல் ஜோடியில் சூத்திரம் உள்ள கடலும் இல்லாத கடலும் மோதுகின்றன. இரண்டாவது ஜோடியில் பாதிச் சுழல் கடலும் முழுச் சுழல் கடலும் மோதுகின்றன. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை தருபவை. அமெரிக்காவின் ஜிஎஃப்டிஎல் ஆய்வகத்தின் சிஎம்2-ஓ வரிசையோ ஒரே வளிமண்டலத்தின் கீழ் 1 டிகிரி, கால் டிகிரி, 0.1 டிகிரி என மூன்று கடல்களை ஓட்டியது. இந்தத் துறையில் படிக்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

படி 4: கடலின் மெதுவான நகர்வைக் கழியுங்கள்

ஆழ்கடல் சமநிலைக்கு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நுண்ணிய மாதிரியை அவ்வளவு காலம் ஓட்ட யாரிடமும் கணினி நேரம் இல்லை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப் படியும் பாதியாக வேண்டும் என்பதால் செலவு எட்டு மடங்கு. 1 டிகிரியிலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்குக்குப் போனால் 12 பெருக்கல் 12 பெருக்கல் 12, அதாவது 1,728 மடங்கு. அடுக்குகளைக் கூட்டினால் அதற்கும் மேல். 0.1 டிகிரிக் கடலுடன் சிஇஎஸ்எம் மாதிரியை 500 ஆண்டு ஓட்டிய முயற்சிக்குச் சீனாவின் சன்வே தைஹுலைட் மீக்கணினி தேவைப்பட்டது.

ஹைரெஸ்மிப்பில் முன்னோட்டம், அதாவது ஆய்வு ஓட்டத்துக்கு முன் கடல் நிலைபெற மாதிரியை ஓடவிடும் காலம், 30 முதல் 50 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகும் கடல் மெல்லச் சூடாகிக்கொண்டோ குளிர்ந்துகொண்டோ இருக்கும். இதைச் சமாளிக்க 1950-ஆம் ஆண்டு நிலைமையிலேயே நிறுத்தி ஓட்டிய கட்டுப்பாட்டு ஓட்டம் ஒன்று தருகிறார்கள். 1950 முதல் 2014 வரையிலான வரலாற்று ஓட்டத்திலிருந்து அதே ஆண்டுகளின் கட்டுப்பாட்டு ஓட்டத்தைக் கழித்த பிறகே வெப்பமாதல் பற்றிப் பேசுங்கள். இதைச் செய்யாமல் வரைந்த ஆழ்கடல் வெப்ப வரைபடத்தை நம்பாதீர்கள்.

படி 5: தரவை ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள்

மாதிரித் தரவு கிடைக்கும் ஈஎஸ்ஜிஎஃப் இணையதளத்தில் 'டிஓஎஸ்' (tos) என்பது கடல் மேற்பரப்பு வெப்பநிலை, 'இஸட்ஓஎஸ்' (zos) என்பது கடல்மட்ட உயரம். இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே கட்டங்களின் பரப்பளவுக் கோப்பையும் மறக்காமல் எடுங்கள்.

நெமோ கடல் மாதிரியின் கட்டம் வடக்கே கனடா, சைபீரிய நிலப்பரப்புகளின் மேல் இரண்டு துருவங்களை வைத்து வளைந்து செல்லும். ஆர்க்டிக் கட்டங்கள் சிறியவை, வெப்பமண்டலக் கட்டங்கள் பெரியவை. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் உலகச் சராசரியே தவறிவிடும். பரப்பளவால் எடையிட வேண்டும்.

சராசரி நிலையை ஒப்பிடும்போது நுண்ணிய தரவைப் பருமட்டான கட்டத்துக்குப் பரப்பு மாறாத முறையில் சுருக்குங்கள். காலநிலைத் தரவைக் கையாளும் சிடிஓ கருவியில் அதற்கான கட்டளை இருக்கிறது. சுழல்களை அளக்கும்போது நேர்மாறு: மூலக் கட்டத்திலேயே கணக்கிட்டுவிட்டுப் பிறகு சுருக்குங்கள். முதலில் சுருக்கினால் அளக்க வந்த பொருளே கரைந்துவிடும். முதல் சோதனையாக, கடல்மட்ட உயரத்தில் பருவச் சுழற்சியை நீக்கி, மீதியின் திட்டவிலக்கத்தை வரையுங்கள். 1 டிகிரி மாதிரியில் வளைகுடா நீரோட்டமும் ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோவும் மங்கிக் கிடக்கும். 0.1 டிகிரியில் செயற்கைக்கோள் படத்தை ஒட்டிவரும்.

படி 6: வளைகுடா நீரோட்டம் எங்கே கரையை விட்டு விலகுகிறது?

நேரம் குறைவு என்றால் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்யுங்கள். பிரிதிறனின் விளைவு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறில்லை.

உண்மைக் கடலில் இந்த நீரோட்டம் புளோரிடாவிலிருந்து கரையை ஒட்டி வடக்கே ஏறி, 35 டிகிரி வடக்கில் ஹாட்டெராஸ் முனையில் கரையை விட்டுப் பிரிகிறது. பிறகு வடகிழக்காக நடுக்கடலுக்குள் சென்று, நியூபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே வடக்கு நோக்கித் திரும்புகிறது. 1 டிகிரி மாதிரிகளில் இரண்டு பிழைகள் நேர்கின்றன. ஹாட்டெராஸைத் தாண்டியும் நீரோட்டம் கரையை விடாமல் வடக்கே ஏறுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை பல டிகிரி அதிகச் சூடாகிறது. பின்னர் கிழக்கே நேராக ஓடி, நியூபவுண்ட்லாந்து அருகே திரும்ப வேண்டிய திருப்பத்தைத் தவறவிடுகிறது. அங்கே பல டிகிரி குளிர்ந்த ஒரு திட்டு உருவாகிறது. மாதிரிப் பிழை வரைபடங்களில் வட அட்லாண்டிக்கின் நடுவே நீலமாகத் தெரியும் திட்டு இதுதான்.

சோதிக்கும் முறை எளிது. 200 மீட்டர் ஆழத்தில் 15 டிகிரி செல்சியஸ் சமவெப்பக் கோட்டை வரையுங்கள். நீரோட்டத்தின் வடசுவரை அடையாளம் காணக் கடலாய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கோடு அது. இரண்டு மாதிரிகளின் கோடுகளையும், ஈஎன்4 போன்ற அளவீட்டுத் தொகுப்பின் கோட்டையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள். லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2000-இல் வட அட்லாண்டிக்கை 0.1 டிகிரியில் ஓட்டி, நீரோட்டம் சரியான இடத்தில் பிரிவதைக் காட்டியது. ஆனால் அதே 0.1 டிகிரியிலும் பாகுநிலைக் கெழுவை மாற்றினால் பிரியும் இடம் நகர்கிறது என்பதைப் பின்னர் வந்த ஓட்டங்கள் காட்டின. கட்டம் சிறுத்தால் மட்டும் போதாது.

கடலுக்குள்ளேயே முடிந்துபோகும் விஷயமில்லை இது. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஆடம் ஸ்கைஃப் குழு 2011-இல், கடலைக் கால் டிகிரிக்கு நுணுக்கி அந்தக் குளிர்த்திட்டைக் குறைத்தபோது, குளிர்காலத்தில் ஐரோப்பாவுக்கு மேற்கே நாட்கணக்கில் அசையாமல் நிற்கும் உயரழுத்தத் தடைகளை மாதிரி நன்றாகக் காட்டியது. ஐரோப்பியக் குளிரலைகளின் பின்னணியில் இருப்பவை அந்தத் தடைகள்தான். கடல் பிழையைத் திருத்தியதில் வானிலைப் பிழை குறைந்தது.

எதிர்காலக் கணிப்பும் மாறுகிறது. ஜிஎஃப்டிஎல்லின் 0.1 டிகிரி மாதிரியில் கரியமிலவாயுவை இரட்டிப்பாக்கியபோது, வடமேற்கு அட்லாண்டிக் கரைத்திட்டின் மேல் 300 மீட்டர், பருமட்டான மாதிரிகள் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் சூடானது. உலகச் சராசரியைவிட அது ஏறக்குறைய மூன்று மடங்கு. லாப்ரடார் குளிர்நீர் பின்வாங்க, வளைகுடா நீரோட்டம் வடக்கே நகர, வெந்நீர் ஒரு குறுகிய ஆழ்வாய்க்கால் வழியாக அமெரிக்காவின் மெயின் (Maine) வளைகுடாவுக்குள் நுழைகிறது. அந்த வாய்க்காலே 1 டிகிரிக் கடலில் சரியாக அமைவதில்லை. காட் மீனையும் சிங்கி இறாலையும் நம்பி வாழும் ஊர்களுக்கு இந்த வேறுபாடு பிழைப்புப் பிரச்சினை.

படி 7: காற்றுக்கும் கடலுக்கும் உள்ள உறவின் குறியைப் பாருங்கள்

மேற்பரப்பு வெப்பநிலையிலும் காற்றின் வேகத்திலும் பெரிய அளவு வடிவங்களை வடிகட்டிவிட்டு, மீதியின் ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். பருமட்டான மாதிரிகளில் குறி பெரும்பாலும் எதிர்மறை: காற்று வலுத்தால் கடல் குளிர்கிறது, அதாவது காற்றே முதலாளி. க்விக்ஸ்காட் செயற்கைக்கோள் அளவீடுகளோ சுழல்களும், வெந்நீரும் குளிர்நீரும் சந்திக்கும் முகப்புகளும் நிறைந்த பகுதிகளில் நேர்மறைக் குறியைக் காட்டின: வெந்நீருக்கு மேல் காற்று வலுக்கிறது, குளிர்நீருக்கு மேல் தளர்கிறது. 0.1 டிகிரிக் கடலை இணைத்தபோது மாதிரிகளிலும் குறி நேர்மறையானது.

இங்கே வளிமண்டலக் கட்டமும் ஒத்துழைக்க வேண்டும். 10 கிலோமீட்டர் கடலுக்கு மேல் 200 கிலோமீட்டர் வளிமண்டலத்தை வைத்தால் சுழல் இருப்பதே காற்றுக்குத் தெரியாது.

படி 8: வெப்பம் எந்தத் திசையில் போகிறது?

சிஎம்2-ஓ வரிசையின் வெப்பக் கணக்கை ஸ்டீபன் கிரிஃபீஸ் குழு 2015-இல் வெளியிட்டது. சராசரி நீரோட்டங்கள் வெப்பத்தைக் கீழே தள்ளுகின்றன. சுழல்கள் அதில் ஒரு பங்கை மேலே திருப்பிக் கொண்டுவருகின்றன. 0.1 டிகிரியில் இந்த மேலேற்றம் வலுவாக இருந்தது, மாதிரியின் வெப்பநிலை நகர்வும் குறைவு. கால் டிகிரியில் சுழல்கள் வலுவற்றவை. நகர்வு கணிசமாக அதிகம். 1 டிகிரியில் சூத்திரம் மேலேற்றத்தைத் தந்தாலும் அது உண்மைச் சுழல்களின் வடிவத்தோடு பொருந்தவில்லை. படி 2-இல் சொன்ன நடுமண்டலச் சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தென்பெருங்கடலில் இன்னொன்று. மேற்கத்தியக் காற்று வலுத்தால் அண்டார்டிக்கைச் சுற்றும் நீரோட்டமும் அதே அளவு வலுக்கும் என்று சூத்திரக் கெழுவை மாறிலியாக வைத்த மாதிரிகள் சொல்லும். சுழல் உள்ள மாதிரிகளில் காற்று தரும் கூடுதல் ஆற்றல் சுழல்களுக்குப் போய்விடுகிறது. நீரோட்டம் அதிகம் வலுப்பதில்லை.

படி 9: அட்லாண்டிக் கவிழ்சுழற்சியைப் பற்றி அவசரப்படாதீர்கள்

வெந்நீர் வடக்கே போய், குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் இந்தச் சுழற்சியை 26.5 டிகிரி வடக்கில் ராபிட் அளவீட்டு வரிசை 2004 முதல் அளக்கிறது. சராசரி சுமார் 17 ஸ்வெர்ட்ரப்; ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர். ஹைரெஸ்மிப் மாதிரிகளை ஆராய்ந்து 2020-இல் வந்த முடிவு: கடல் நுணுகும்போது சுழற்சி பொதுவாக வலுக்கிறது, 2050 வரையிலான அதன் சரிவும் பொதுவாக அதிகமாகிறது.

இதைப் படித்ததும் 'நுண்ணிய மாதிரி பேரழிவைச் சொல்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். வலுவாகத் தொடங்கும் சுழற்சிக்குச் சரியவும் இடம் அதிகம். சரிவை ஸ்வெர்ட்ரப்பில் மட்டும் தராமல், தொடக்க வலுவின் சதவீதமாகவும் தாருங்கள். செலவு காரணமாக நுண்ணிய மாதிரிகளில் ஒன்றிரண்டு ஓட்டங்களே இருக்கும். இயல்பான ஏற்ற இறக்கத்தைப் பிரிதிறனின் விளைவாக எண்ணிவிட வாய்ப்புண்டு. அதே மாதிரியின் பருமட்டான வடிவத்தில் பல ஓட்டங்கள் இருந்தால், அவற்றின் பரவலுக்கு வெளியே நுண்ணிய ஓட்டம் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் 'வேறுபாடு உறுதியாகவில்லை' என்று எழுதுங்கள்.

படி 10: வங்கக்கடலுக்கு வரும்போது

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். 1 டிகிரிக் கட்டம் ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர். ஆக முழுத் தீவும் ஐந்தாறு கட்டம்தான். பாக் நீரிணை அந்த மாதிரியில் ஒன்று முழுதாக அடைபட்டிருக்கும், அல்லது இருக்க வேண்டியதைவிட அகலமாகத் திறந்திருக்கும். முதலில் எது நிலம், எது கடல் என்று குறிக்கும் நிலமூடிக் கோப்பைத் திறந்து எது என்று பாருங்கள், பெரும்பாலோர் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆந்திர, தமிழகக் கரையோரமாகத் தெற்கே ஓடும் நீரோட்டம் குறுகியது. 1 டிகிரியில் அது அகன்று வலுவிழந்துவிடும்.

படி 1-இன் கணக்குப்படி கால் டிகிரிக் கட்டம் நம் அட்சரேகையில் நடுக்கடல் சுழல்களுக்குப் போதும். ஆகவே இங்கே அடுத்த தடை கிடைக் கட்டத்தில் இல்லை, மேலடுக்கில்தான். கங்கை, பிரம்மபுத்திரா நீரும் மழைநீரும் வங்கக்கடலின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கின்றன. புயல் கடந்தாலும் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலேறாமல் அது தடுக்கிறது. புயலுக்கு வெப்பம் தொடர்ந்து கிடைக்கிறது. மாதிரியின் முதல் அடுக்கு 10 மீட்டர் தடிமன் என்றால் அந்தப் படலம் அதற்குள்ளேயே கலந்துபோகும். 1 மீட்டர் தடிமனில் தொடங்கும் 75 அடுக்கு மாதிரியில் அது நிலைக்க வாய்ப்புண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேல் 50 மீட்டரின் உப்புத்தன்மையை அடுக்கு அடுக்காக வரைந்து ஆர்கோ மிதவை அளவீடுகளோடு ஒப்பிடுங்கள். மேலே குறைந்தும் கீழே கூடியும் செல்லும் அந்த உப்புத்தன்மை வேறுபாடு மாதிரியில் இல்லையென்றால், கிடைக் கட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் வங்கக்கடல் புயல் கணிப்பை உங்கள் ஆய்வில் பயன்படுத்த வேண்டாம்.